முட்டைக்குள் விழும் வெளிச்சம்: இளம்பருவ வளர்ச்சியும் விலங்குகளின் இடவலச் சார்பும்

1. ஆய்வுப் பொருள்

கோழிமுட்டை பொரிய 21 நாள். அதில் கடைசி நான்கைந்து நாள், உள்ளே இருக்கும் குஞ்சுக்குப் புரண்டு படுக்கக்கூட இடம் இருக்காது. கழுத்தை மடக்கி, தலையை ஒருபக்கமாகத் திருப்பி, அலகைக் காற்றறைப் பக்கம் வைத்துக்கொண்டு ஒடுங்கிக் கிடக்கும். ஏறக்குறைய எல்லா முட்டையிலும் கிடை ஒன்றேதான். இடக்கண் குஞ்சின் சொந்த உடம்பில் புதைந்திருக்கும். வலக்கண் ஓட்டை ஒட்டி வெளிப்பக்கம் பார்த்திருக்கும். ஓட்டின் வழியே கசிந்து வரும் வெளிச்சம் ஒரு கண்ணுக்குத்தான் கிடைக்கிறது. வெளியே வந்தபிறகு அந்தக் குஞ்சு இரை பொறுக்க எந்தக் கண்ணை நம்பும் என்பதை இந்தச் சில நாள் கிடை பெருமளவு முடிவுசெய்துவிடுகிறது.

மூளையின் இரு பாதிகளும் வேலையைப் பங்கிட்டுக்கொள்வது மனிதருக்கு மட்டுமே உரியது என்று நூறாண்டுக்கும் மேலாக நம்பப்பட்டது. பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1860களில் பேச்சாற்றலை மூளையின் இடப்பாதியோடு இணைத்துக் காட்டியதிலிருந்து தொடங்கிய நம்பிக்கை அது. ஆனால் 1970களின் தொடக்கத்தில் ஆய்வாளர் பெர்னாண்டோ நோட்டெபோம் பாடும் பறவையொன்றின் குரல் உறுப்புக்குச் செல்லும் இடப்பக்க நரம்பை வெட்டியபோது பாட்டின் பெரும்பகுதி அற்றுப்போனது. வலப்பக்க நரம்பை வெட்டியபோது சிறிதளவே குறைந்தது. பிறகு மீன், தவளை, பல்லி, ஈ வரை பட்டியல் நீண்டது. சார்பு இருக்கிறதா என்ற கேள்வி அடங்கி, அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழுந்தது. இக்கட்டுரை அந்த இரண்டாம் கேள்வியைப் பற்றியது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘பிறவியிலேயே வந்ததா, பழக்கத்தால் வந்ததா’ என்று கேட்பவர்கள் இடையில் இருக்கும் காலத்தை, முட்டையிலும் கருப்பையிலும் பிறந்த சில நாளிலும் நடப்பதை, கணக்கில் எடுப்பதில்லை. மரபணு உடலைத் திருப்புகிறது. திரும்பிய உடலின் ஒரு பக்கத்துக்கு வெளிச்சமோ வேலையோ தொடுதலோ கூடுதலாகக் கிடைக்கிறது. வளரும் நரம்புகள் அதை நிலைநிறுத்துகின்றன. ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததற்கு இடம் கொடுக்கிறது. ஒன்று அறுந்தால் முடிவு மாறுகிறது.

2. இரண்டு வேறுபாடுகள்

இத்துறையில் குழப்பத்துக்குக் காரணமான இரண்டு வேறுபாடுகளை மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு விலங்கு தன்னளவில் ஒரு பக்கத்தை விரும்புவது ஒன்று. அந்த இனம் முழுவதும் ஒரே பக்கம் சாய்வது மற்றொன்று. ஒவ்வொரு எலிக்கும் விருப்பமான முன்கால் உண்டு. ஆனால் எலிக்கூட்டத்தில் பாதி இடக்கால், பாதி வலக்கால். அதுபோலச் சார்பின் திசை வேறு, வலிமை வேறு. இந்த இரண்டையும் வெவ்வேறு காரணங்கள் ஆள்கின்றன என்பதைக் கீழே வரும் சான்றுகள் பலமுறை காட்டும்.

3. கோழிக்குஞ்சு

3.1 கூழாங்கல் தரை

இந்தத் துறையை நிமிர்த்தி நிறுத்தியவர் ஆஸ்திரேலிய உயிரியலாளர் லெஸ்லி ரோஜர்ஸ். பின்னாளில் ஆர்மிடேல் நகரின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர். 1979இல் அவரும் ஆன்சனும் வெளியிட்ட ஆய்வில், புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைக் குஞ்சின் மூளையில் ஒரு பாதியில் மட்டும் செலுத்தினார்கள். இடப்பாதியில் செலுத்தப்பட்ட குஞ்சு தானியத்தையும் கல்லையும் பிரித்தறியக் கற்கத் திணறியது. வலப்பாதியில் செலுத்தப்பட்டதற்கு அந்தத் திணறல் இல்லை.

சோதனை எளிமையானது. தரையில் சிறு கூழாங்கற்களை அசையாமல் ஒட்டிவிடுகிறார்கள். மேலே இரைத் துகள்களைத் தூவுகிறார்கள். பசித்த குஞ்சை விட்டு, முதல் 60 கொத்தலை எண்ணுகிறார்கள். தொடக்கத்தில் எல்லாக் குஞ்சும் கல்லையும் கொத்தும். கற்றுக்கொள்ளும் குஞ்சு, கடைசி 20 கொத்தலுக்கு வரும்போது கல்லை விட்டுவிட்டு இரையை மட்டும் எடுக்கும். இனி ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். பறவைகளில் பார்வை நரம்புகள் ஏறக்குறைய முழுவதுமே எதிர்ப்பக்கம் கடப்பதால், வலக்கண் பார்ப்பது முதலில் இடமூளைக்குப் போகிறது. இடக்கண்ணை மூடி வலக்கண்ணைத் திறந்துவிட்டால் குஞ்சு விரைவில் கற்கிறது. வலக்கண்ணை மூடிவிட்டால் 60ஆம் கொத்தல் வரையிலும் கல்லைக் கொத்திக்கொண்டே இருக்கிறது. கண்ணில் குறையில்லை. இடக்கண் அகலப் பார்க்கிறது. புதியதையும் ஆபத்தையும் கவனிக்கிறது. மேலே ஏதாவது பறந்தால் குஞ்சு அதை நோக்கித் திருப்புவது பெரும்பாலும் அந்தக் கண்ணைத்தான்.

3.2 வெளிச்சத்தின் பங்கு

1982இல் ‘நேச்சர்’ இதழில் ரோஜர்ஸ் வெளியிட்ட கட்டுரைதான் திருப்புமுனை. முட்டைகளை முழு இருளில் அடைகாத்துப் பொரிக்க வைத்தால், கூழாங்கல் சோதனையில் இரு கண்ணுக்கும் வேறுபாடு இல்லை. கடைசி நாட்களில் வெளிச்சம் காட்டினால் வேறுபாடு வருகிறது. எவ்வளவு வெளிச்சம் என்று பின்னர் தேடியபோது, பொரிவதற்குச் சற்று முன் இரண்டரை மணிநேரம் போதும் என்று தெரிந்தது.

அதற்கும் மேலே ஒரு படி போனார். பொரியவிருக்கும் முட்டையின் ஓட்டை மெல்ல உடைத்து, கருவின் தலையை வெளியே எடுத்து, வலக்கண்ணுக்குத் திரை போட்டு, இடக்கண்ணுக்கு வெளிச்சம் கொடுத்தார். பொரிந்த குஞ்சுகளில் சார்பு தலைகீழாகிவிட்டது: தானியமும் கல்லும் பிரிக்கத் திறமையான கண் இடக்கண்ணானது. 1990இல் வெளிவந்த இந்த முடிவை நான் இத்துறையின் மிக வலுவான சான்றாகக் கருதுகிறேன். குஞ்சின் மரபணுவில் யாரும் கைவைக்கவில்லை, பழக்கவும் இல்லை. வெளிச்சம் விழுந்த கண் மாறியது, மூளை மாறியது.

உள்ளே நடப்பதும் ஓரளவு தெரிந்ததே. விழித்திரையிலிருந்து தாலமஸ் என்ற மூளைப்பகுதி வழியாக மூளையின் மேற்பகுதிக்கு ஏறும் நரம்பிழைகளில், வெளிச்சம் பெற்ற கண்ணுக்கு உரியவை கூடுதலாக எதிர்ப்பாதிக்குக் கடந்து செல்கின்றன. இந்த இழை வேறுபாடு பொரிந்த சில வாரத்தில் மறைந்துவிடும். ஆனால் அந்த வாரங்களில்தான் குஞ்சு இரையை அறிகிறது, தாயை அறிகிறது, பகையை அறிகிறது. முட்டைக்குள் டெஸ்டோஸ்டிரோனோ ஈஸ்ட்ரோஜனோ அதிகமாகச் செலுத்தப்பட்டால், வெளிச்சம் இருந்தும் இந்த இழை வேறுபாடு குன்றிவிடுகிறது. தாய்க்கோழி மஞ்சள் கருவில் சேர்த்து வைக்கும் ஹார்மோன் அளவும் இக்கணக்கில் உண்டு என்று இதிலிருந்து ஊகிக்க இடமிருக்கிறது.

ஊர்வீடுகளில் அடை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் மறுபாதி எளிதில் விளங்கும். கூடையில் வைக்கோல் பரப்பி முட்டையை வைத்தால், அடைக்கோழி அதிலேயே பழியாய்க் கிடக்கும். ஆனால் முழு நாளும் அல்ல. அவ்வப்போது எழுந்து கொக்கரித்துக்கொண்டு போய், அவசர அவசரமாக இரை பொறுக்கி, தண்ணீர் குடித்து, முடிந்தால் புழுதியில் ஒரு புரளல் புரண்டு, முட்டை சூடு ஆறுவதற்குள் திரும்பிவிடும். அந்தச் சிறிது நேரத்தில் முட்டை மேல் வெளிச்சம் படுகிறது. இரண்டரை மணிநேரம் என்ற சோதனைக்கூடக் கணக்கை அடைக்கோழியின் இந்தச் சிறு சிறு இடைவெளிகளோடு வைத்துப் பார்த்தால், இயற்கையில் எந்த ஏற்பாடும் இல்லாமலே குஞ்சுக்குத் தேவையான வெளிச்சம் சேர்ந்துவிடும் வாய்ப்பு தெரிகிறது.

3.3 ஒரே நேரத்தில் இரண்டு வேலை

சார்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? 2004இல் ரோஜர்ஸ், இத்தாலிய ஆய்வாளர்கள் பாவ்லோ சுக்கா, ஜியோர்ஜியோ வல்லோர்டிகாரா ஆகியோருடன் சேர்ந்து இதற்கு விடை தேடினார். கூழாங்கல் தரையில் குஞ்சு இரை பொறுக்கும்போதே, தலைக்கு மேலே பருந்துருவம் ஒன்றை நகர்த்தினார்கள். வெளிச்சத்தில் வளர்ந்த குஞ்சு கீழே இரையைப் பிரித்தறிந்தபடியே மேலேயும் கண் வைத்தது. இருளில் பொரிந்த குஞ்சு இரண்டையும் கோட்டைவிட்டது. நேரம் போகப்போக அதன் கொத்தல் இன்னும் மோசமானது. ஒரு வேலையை மட்டும் கொடுத்தால் பெரிதாகத் தெரியாத குறை, இரண்டு வேலை சேரும்போது வெளிப்பட்டது. தோட்டத்தில் மேயும் குஞ்சுக்கு வாழ்வே இந்த இரண்டு வேலையும்தான்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே தேவை. கோழிக்குஞ்சின் எல்லாச் சார்பும் வெளிச்சத்தால் வருவதில்லை. பழகிய துணையையும் புதிய துணையையும் வேறுபடுத்துவது போன்ற சில வேலைகளில் இருளில் பொரிந்த குஞ்சுகளிலும் சார்பு காணப்படுகிறது. வெளிச்சம் எல்லாவற்றையும் உண்டாக்குகிறது என்று எழுதுவோர் சான்றை மிஞ்சிப் பேசுகிறார்கள்.

4. தலை ஏன் அந்தப் பக்கம் திரும்புகிறது?

வெளிச்சம் விழுவதற்கு முந்தைய கதை அடைகாப்பின் முதல் இரண்டு மூன்று நாளிலேயே நடந்து முடிகிறது. மெல்லிய தட்டாகக் கிடக்கும் கரு, உடம்பை முறுக்கி இடப்பக்கம் மஞ்சள் கருவின் மேல் சாய்கிறது. தலையின் வலப்பக்கம் மேலே வருகிறது. இந்த முறுக்கலுக்கு முன்பே இடப்பக்கம் இது, வலப்பக்கம் இது என்று கரு அடையாளம் இட்டுவிட்டது. 1995இல் மைக்கேல் லெவின், கிளிஃபர்ட் டாபின் உள்ளிட்ட குழு கோழிக்கருவில் சோனிக் ஹெட்ஜ்ஹாக், நோடல் ஆகிய மரபணுக்கள் இடப்பக்கம் மட்டும் வேலைசெய்வதைக் காட்டியது. இதயம் எந்தப்பக்கம் வளைய வேண்டும் என்பதையும் இதே தொடர்தான் சொல்கிறது.

ஆக, வலக்கண்ணின் திறமைக்கென்று தனி மரபணு இருக்கவேண்டிய தேவையே இல்லை. உடலை முறுக்கும் மரபணு இருக்கிறது, ஒளி ஊடுருவும் ஓடு இருக்கிறது, எழுந்துபோகும் தாய்க்கோழி இருக்கிறது. மூன்றும் சேரும் இடத்தில் திறமை பிறக்கிறது.

5. புறா

கோழிக்குஞ்சு பொரிந்த அன்றே ஓடும். புறாக்குஞ்சு கண் மூடிக் கிடக்கும், கூட்டில் வாரக்கணக்கில் ஊட்டி வளர்க்கப்படும். புறாவின் கருவும் தலையைத் திருப்பிக்கொள்ளும் விதம் அதேதான், வலக்கண் வெளிப்பக்கம். ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரில் துருக்கியில் பிறந்த ஓனூர் குண்டுர்குன் தலைமையில் நடந்த ஆய்வுகள், இருளில் பொரித்த புறாக்களில் தானியம் பிரிக்கும் வலக்கண் சிறப்பு இல்லாமல்போவதைக் காட்டின. புறாவில் மாறும் நரம்புப் பாதை கோழியில் மாறுவது அன்று, நடுமூளை வழியாகச் செல்லும் வேறொன்று. அந்த வேறுபாடு முதிர்ந்த புறாவிலும் நிலைக்கிறது.

முக்கியமானது காலம். புறாவின் பார்வைப் பாதை பொரிந்த பிறகும் வளர்ந்துகொண்டிருப்பதால், பொரிந்த சில நாளில் ஒரு கண்ணை மூடிவைத்தாலே சார்பு திசை மாறிவிடுகிறது. சூழல் கைவைக்கக்கூடிய காலத்தின் நீளத்தை நரம்பு வளர்ச்சியின் வேகம் தீர்மானிக்கிறது.

6. வரிக்குதிரை மீன்

திசையும் இருப்பும் வேறு வேறு என்பதை மிகத் தெளிவாகக் காட்டியது இந்தச் சிறு மீன்தான். நம் ஊர் மீன்தொட்டிக் கடைகளில் ஸீப்ரா என்று விற்பதும் இதுவே. இதன் கரு கண்ணாடிபோல ஒளி ஊடுருவுவதால் மூளை வளர்வதை நேரடியாகப் பார்க்கலாம். மூளையின் மேற்புறத்தில் ஹபெனுலா என்ற இணைக்கட்டமைப்பு உண்டு. பாராபைனியல் எனப்படும் செல்தொகுதி நடுவிலிருந்து இடப்பக்கம் நகர்கிறது. இட ஹபெனுலா வேறுவிதமாக வளர்கிறது. 2000இல் மிகேல் கோன்சா குழு நோடல் சமிக்ஞை இல்லாத கருக்களைப் பார்த்தது. இருபுறமும் சமமாகிவிடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். சமமாகவில்லை. ஒருபக்கச் சாய்வு அப்படியே இருந்தது. எந்தப்பக்கம் என்பது மட்டும் தற்செயலாகி, பாதி மீன் இடம், பாதி மீன் வலம் என்று பிரிந்தது.

உள்ளுறுப்புகள் தலைகீழாக அமையும் வரிக்குதிரை மீன்களில் சில நடத்தைகள் தலைகீழாகின்றன, சில மாறுவதில்லை என்று 2005இல் தெரியவந்தது. ஒரே உடலில் பல சார்புகள், பல வேர்கள்.

7. அமெரிக்கக் கொடுக்கு இறால்

வேலையே பக்கத்தைப் படைப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன். நம் கடற்கரையில் கிடைக்கும் சிங்கி இறாலுக்குப் பெரிய கொடுக்கு கிடையாது. வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழும் ஹோமாரஸ் அமெரிக்கானஸ் இனத்துக்கு இரண்டு பெரிய கொடுக்குகள்: ஒன்று சிப்பியை நொறுக்கும் தடித்த நொறுக்கி, மற்றது கூரிய விளிம்புள்ள வெட்டி. நொறுக்கியின் தசை மெதுவாகச் சுருங்கி விடாமல் பிடிக்கும். வெட்டியின் தசை சட்டென்று மூடும்.

குஞ்சில் இரண்டும் ஒன்றே போல இருக்கும். நான்காம், ஐந்தாம் வளர்ச்சிக் கட்டத்தில் எந்தக் கொடுக்கு அதிகம் பற்றிப் பிடிக்கிறதோ அது நொறுக்கியாகிறது. டொரோன்டோவின் கோவிந்த், ஜோன் பியர்ஸ் ஆகியோர் 1986இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது இதைத்தான். பற்றிப் பிடிக்க எதுவும் இல்லாத வழுவழுப்பான தொட்டியில் வளர்த்த இறாலுக்கு இருபுறமும் வெட்டிதான் அமைகிறது. சிப்பி ஓட்டுத் துண்டுகளைப் போட்டு வைத்தால் நொறுக்கி உருவாகிறது. ஒரு கொடுக்குக்கு மட்டும் வேலை கொடுத்தால் அந்தப்பக்கமே நொறுக்கி. அந்தக் கட்டம் கழிந்தபிறகு என்ன செய்தாலும் மாறாது. இயற்கையில் இடப்பக்க நொறுக்கியும் வலப்பக்க நொறுக்கியும் பாதிப் பாதி; திசையை ஆள மரபணு இங்கே தலையிடுவதில்லை, முதலில் எது முந்தியதோ அதுவே.

8. சுண்டெலி, எலி, பழ ஈ

அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ராபர்ட் காலின்ஸ் சுண்டெலிகளை ஒடுங்கிய குழாயிலிருந்து இரை எடுக்க வைத்து, 50 முறை எந்த முன்கால் நீள்கிறது என்று எண்ணினார். இடக்கால் எலிகளையே இணைசேர்த்துத் தலைமுறைகள் கடந்தும் குட்டிகள் பாதிப் பாதிதான். ஆனால் உறுதியான சார்புள்ளவற்றை இணைசேர்த்தால் உறுதி கூடியது. வலிமை பரம்பரையில் இறங்குகிறது, திசை இறங்குவதில்லை. குழாயைக் கூண்டின் ஒரு சுவரை ஒட்டி வைத்து ஒருபக்கக் கால் மட்டும் வசதியாக எட்டும்படி செய்தபோது, பெரும்பான்மை எலிகள் அந்தப் பக்கத்துக்கு மாறின. ஒரு சிறுபான்மை வசதி இல்லாத காலையே கடைசிவரை நீட்டிக்கொண்டிருந்தது. 1975இல் வந்த அந்தக் கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது.

விக்டர் டெனன்பெர்க் 1978இல் காட்டியது தொடுதலைப் பற்றியது. பிறந்த நாளிலிருந்து பால்குடி மறக்கும்வரை தினமும் சில நிமிடம் தாயிடமிருந்து எடுத்துக் கையாளப்பட்ட எலிக்குட்டிகள் வளர்ந்தபின், மூளைக்காயம் இடப்பாதியிலா வலப்பாதியிலா என்பதைப் பொறுத்து அவற்றின் நடத்தை வேறுபட்டது. கையாளப்படாதவற்றில் அந்த வேறுபாடு இல்லை.

பழ ஈயில் மிஞ்சுவது தற்செயல். மரபணு ஒன்றேபோல் ஆக்கப்பட்ட ஈக்களை ஒரே வெப்பத்தில், ஒரே உணவில் வளர்த்து, கவட்டுப் பாதையில் விட்டால், சில ஈக்கள் வாழ்நாள் முழுவதும் பெரும்பாலும் வலமே திரும்புகின்றன, சில இடமே. ஹார்வர்டின் பெஞ்சமின் டி பிவோர்ட் குழு 2015இல் காட்டியபடி, வலம் திரும்பும் ஈக்களின் குஞ்சுகள் ஒட்டுமொத்தமாக எந்தப்பக்கமும் சாய்வதில்லை. நரம்பு வளரும்போது நேரும் சிறுசிறு தற்செயல்களே ஈயின் வாழ்நாள் வழக்கமாகின்றன.

9. மனிதக் கரு

பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹெப்பர், கருவில் கட்டைவிரல் சூப்பும் குழந்தைகளை ஸ்கேன் வழியாகப் பார்த்துப் பதிவுசெய்தவர். அந்தக் குழந்தைகளில் 75 பேரை அவர்களின் 10 முதல் 12 வயதில் மீண்டும் சந்தித்தார். வலக்கட்டைவிரல் சூப்பிய 60 பேரும் வலக்கைப் பழக்கமுள்ளவர்கள். இடது சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கை, 5 பேர் வலக்கை. பத்து வாரக் கருவிலேயே பெரும்பான்மை வலக்கையை அதிகம் அசைப்பதையும் அவர் கண்டார். மூளைப் புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இணைப்பு வந்துசேரும் முன்னரே இது நடப்பதால், 2017இல் செபாஸ்டியன் ஓக்லன்பர்க் குழு கருவின் தண்டுவடத்தை ஆராய்ந்து, 8ஆம் வாரத்திலேயே மரபணு வேலைப்பாட்டில் இடவல வேறுபாடு இருப்பதைக் காட்டியது.

இதயம் வலப்பக்கம் அமைந்து உள்ளுறுப்புகள் முழுவதும் தலைகீழாய்ப் பிறப்பவர்களிலும் பெரும்பாலோர் வலக்கைக்காரர்களே. இதயத்தின் பக்கத்தைத் தீர்மானிக்கும் தொடரும் கையின் பக்கத்தைத் தீர்மானிக்கும் தொடரும் மனிதரில் வேறு என்று இதனால் தெரிகிறது. கோழியில் பெற்ற பாடத்தை அப்படியே மனிதருக்கு ஒட்ட முடியாது.

ஒன்றை மட்டும் தயக்கமின்றிச் சொல்லலாம். நொட்டாங்கையில் சோறு எடுக்கும் குழந்தையைக் கையில் தட்டி மாற்றுவோர், கருப்பையில் தொடங்கிய ஒன்றைத் தட்டுகிறார்கள். எழுதும் கையை மாற்ற முடிகிறது. அப்படி மாற்றப்பட்டவர்களின் மூளையில் பழைய சாய்வின் தடம் பெரியவர்களான பிறகும் நீடிப்பதை மூளைப் படப்பிடிப்பு ஆய்வுகள் காட்டியுள்ளன.

10. ஆய்வாளருக்கு

விலங்கின் இடவலச் சார்பைப் பதிவுசெய்யும் பல கட்டுரைகள், அந்த விலங்கு எப்படிப் பொரிந்தது, எப்படி வளர்ந்தது என்று ஒரு வரியும் எழுதுவதில்லை. முட்டை இருளில் இருந்ததா, வெளிச்சத்திலா? குட்டியைத் தினமும் கையில் எடுத்தார்களா? தொட்டியின் தரை வழுவழுப்பானதா? இந்த மூன்று கேள்விக்கும் விடையில்லாத சார்புக் கணக்கை இன்னொருவர் கணக்கோடு ஒப்பிடுவது வீண்.

வணிகக் குஞ்சு பொரிப்பகங்களின் இன்குபேட்டர் கதவை மூடினால் உள்ளே இருட்டு. நாமக்கல், பல்லடம் வட்டாரப் பண்ணைகளுக்குப் போகும் குஞ்சுகளும் இப்படிப்பட்ட பெட்டிகளிலேயே கருவாய் வளர்கின்றன. அடைகாக்கும் காலத்தில் வெளிச்சம் பெற்ற இறைச்சிக்கோழிகளில் அச்சம் குறைவதாக வெளிநாட்டு ஆய்வுகள் சில சொல்கின்றன. கூழாங்கல் தரைச் சோதனைக்கு வேண்டியது ஒரு பலகை, பசை, கைப்பிடிக் கல், கொஞ்சம் தீவனம், ஒரு விளக்கு. நம் கால்நடைக் கல்லூரி மாணவர்கள் சிறுவிடைக் கோழி முட்டையில் பாதியை இருளிலும் பாதியை விளக்கடியிலும் வைத்து, குஞ்சுகளின் கொத்தலை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.